நமக்கென்று வந்த முதல் முகவரி

(கண்டியில் தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் அணியினருக்காக நடைபெற்ற தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேச வேண்டிய இடத்தில் போனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, மடுல்கலை, ரங்கலை, புசல்லாவை என்று பல பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்களில் போன் இல்லாமல் வந்தவர் மிகக் குறைவு. சம்பளமும் வீடும் காணியும் பேசுவதற்கு அந்தப் போன் எப்படி உதவும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் பழைய நிலையை நினைத்துப் பாருங்கள். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை வைத்த காலத்திலிருந்து எத்தனை தலைமுறை கடந்துவிட்டது? ஆனால் லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்து, ஒரு நாள் நம்மிடம் சேரும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் நாள் முடிந்த பிறகு வந்த கதை நம் தோட்டங்களில் புதிதல்ல. டெலிபோன் என்றால் ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். ஊரில் ஒரு சாவு விழுந்தால்கூட அந்தச் செய்தி ஆபீசைத் தாண்டித்தான் லயத்துக்கு வரவேண்டும்.

கைத்தொலைபேசி வந்தபோது அந்த வழி உடைந்தது. யாரையும் கேட்காமல், எந்த ஆபீசையும் தாண்டாமல், நேரே நம்மிடம் வந்து சேரும் ஒரு முகவரி முதன்முதலாக நமக்குக் கிடைத்தது. அந்த முகவரி ஒரு பத்து இலக்க எண். இதை நாம் சாதாரணமாக நினைக்கக்கூடாது.

முதலில் வந்தவை பட்டன் போன்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். கீழே விழுந்தால் மூன்று துண்டாகப் போகும், பொறுக்கிப் பூட்டினால் மறுபடி வேலை செய்யும். காசில்லாதவர் ‘மிஸ்கோல்’ கொடுப்பார். ஒரு மிஸ்கோல் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். நாமே உண்டாக்கிய பாஷை அது.

பிறகு ஸ்மார்ட் போன் வந்தது. உலகத்தில் ஐபோன் 2007 இலும் முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 இலும் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் 3ஜி சேவை 2006 இலேயே தொடங்கிவிட்டது, 4ஜி 2013 இல் வந்தது. ஆனால் இவை எல்லாம் நகரத்துத் திகதிகள். லயத்துக்கு ஸ்மார்ட் போன் வந்தது கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகளின் சட்டைப் பையிலும், சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் சகோதரிகளின் பெட்டியிலும்தான். பெரும்பாலும் யாரோ பாவித்துக் கொடுத்த பழைய போன்.

அந்த முதல் போன்களோடு நாம் பட்ட பாட்டை இளைஞர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டில் ஒவ்வொன்றிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலாவது சார்ஜ். பட்டன் போன் நாலு நாள் தாங்கிய இடத்தில் இது ஒரு நாள்கூடத் தாங்காது. விடியப் பெரட்டுக்குப் போகும்போது நிறைந்திருக்கும், மாலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் செத்துப்போகும். காம்பராவில் ஒரே ஒரு பிளக். அதில் ஒரு நேரம் போன், ஒரு நேரம் டிவி. மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டும் இல்லை.

இரண்டாவது சிக்னல். ரேடியோ அலை மலையைத் துளைத்துக்கொண்டு வராது. கோபுரத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு மலை முதுகு நின்றால் போதும், அந்தப் பக்கம் பேச்சு, இந்தப் பக்கம் மௌனம். அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் சிக்னல் கிடைக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கு மேலே உள்ள பாறை, ரோட்டு வளைவு, மடுவத்துக்குப் பின்பக்கம் ஒரு மேடு. பேசுவதற்கு அங்கே ஏறவேண்டும். அந்தரங்கமாகப் பேசவேண்டியதையும் பத்துப் பேர் நிற்கும் பாறையில் நின்றுதான் பேசவேண்டும்.

மூன்றாவது விரல். இதை நம் பெண்கள்தான் நன்றாக அறிவார்கள். முதலில் வந்த மலிவான தொடுதிரைகளில் பல, அழுத்தினால் வேலை செய்பவை. நகத்தால் அழுத்தினாலும் போதும். அடுத்து வந்த திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. தோலில் உள்ள மெல்லிய மின்தன்மையை உணர்ந்து வேலை செய்பவை. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலை அவை சரியாக உணர்வதில்லை. துணி சுற்றிய விரலென்றால் உணர்வதே இல்லை. மழைத்துளி விழுந்தால் திரை தன்பாட்டுக்கு ஓடும். வீட்டில் பிள்ளைகள் சொல்வார்கள், “அம்மாவுக்கு போன் அமத்தத் தெரியாது” என்று. அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, பிள்ளைகளே. அந்தத் திரையைச் செய்தவர்கள் கொழுந்து பறிக்கும் விரலை நினைத்துச் செய்யவில்லை.

நாலாவது தமிழ். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். சில போன்களில் எழுத்து வரும், ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். அந்தக் காலத்தில் ஒபேரா மினி என்ற ஒன்றைப் போட்டு, அதற்குள் ஒரு அமைப்பை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துத் தமிழ்ச் செய்தி வாசித்தார்கள் விஷயம் தெரிந்த பிள்ளைகள். 2011, 2012 ஆம் ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆண்ட்ராய்டுகளில்தான் நிலைமை சீரானது. போனில் தமிழ் எழுதுவதற்கு வழி செய்தவர்களில் மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிப்பிட வேண்டும். அவருடைய செல்லினம் 2005 இலேயே வெளிவந்தது.

தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் செலவும் கூட. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 தான். அதிலும் ‘கொழுந்து’ என்பதை நாம் நாலு எழுத்து என்று எண்ணுகிறோம். போன் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாகப் பார்த்து எட்டு என்று எண்ணும். ஒரு செய்தியில் முடியவேண்டியது இரண்டாகும், மூன்றாகும். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. ரீலோட் காசுக்காகவும்தான்.

ஐந்தாவது காசு. போனை வாங்குவதோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்தோம். ஒன்றும் பார்க்காமல் வைத்திருந்தாலும் உள்ளே ஏதோ ஓடி டேட்டா கரைந்துவிடும் என்பது ரீலோட் போட்டுப் போட்டுத்தான் தெரிந்தது. திரை உடைந்தால் குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கிக் கண்டி டவுனில் கடை கடையாகக் கேட்கவேண்டும். ஒரு நாள் பேரும் போகும், பஸ் காசும் போகும்.

இப்படி முட்டி மோதிப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். படிப்பு போனுக்குள் போனது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன். அந்தப் போனும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். 2021 மார்ச்சில் நமது நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 20,000 ரூபா போன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதமும் கழிக்காமல், ஒரு வாய் சோறும் உண்ணாமல் 20 நாள் பேர். பிள்ளை படிக்கவேண்டும் என்று தோட்டைக் கழற்றி அடகு வைத்த தாய்மார் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் அல்ல. பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே பாறை ஏறிப் படித்த செய்தி 2021 இல் உலகமெல்லாம் போனது. மலை எல்லோருக்கும் ஒரே மலைதான். கேட்கும்போதும் சேர்ந்தே கேட்கவேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு வாங்கிய போனை நாம் எதற்குப் பாவிக்கிறோம்? பாட்டுக் கேட்கிறோம், நாடகம் பார்க்கிறோம், வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்க்கிறோம். நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் உழைப்பவன் கையில் போன் வந்தால் வேறொன்றும் செய்யலாம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறோம்.

கேரளாவின் வட பகுதியில் 1997 முதல் கைத்தொலைபேசி வந்தது. வெறும் பட்டன் போன். மத்தி மீன் பிடிக்கும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே கரைக்கு போன் எடுத்து, எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டார்கள். முன்பு ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள், பக்கத்துத் துறையில் மீனில்லாமல் ஆட்கள் நிற்பார்கள். போன் வந்த பின் அது நின்றது. மீனவனின் வருமானம் கூடியது, வாங்குபவருக்கு விலையும் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்து 2007 இல் எழுதினார்.

நாம் கொழுந்தை விற்பவர்கள் அல்ல. ஆனால் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு இதுவரை செக்ரோலில் மட்டும்தான் இருந்தது. கிலோ எவ்வளவு, கழிவு எவ்வளவு, முழுப்பேரா அரைப்பேரா என்பதெல்லாம் அவர்கள் எழுதியதுதான். கேள்வி கேட்கப் போனால், “புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது” என்பார்கள். நம்மிடம் வாய்ப்பேச்சைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இன்று போனில் கமரா இருக்கிறது. நிறுவைத் துண்டு கையில் வந்தவுடன் ஒரு படம். சம்பளத் துண்டு வந்தவுடன் ஒரு படம். துண்டு கொடுக்காத இடத்தில், அன்றைய கிலோவைக் குரலில் சொல்லிப் பதிந்து, வீட்டில் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். திகதியைப் போனே காட்டும். மாதம் முடியும்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் போய்ச் சொன்னால் அது முறைப்பாடு. ஒரு மலையில் பறித்த முப்பது பேர் முப்பது படத்தோடு போனால் அது சாட்சி. சண்டை போடுவதற்கு அல்ல தோழர்களே, கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்பதற்கு.

சேமலாப நிதியும் அப்படித்தான். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவது ஊழியர் சேமலாப நிதி. நம் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள், தோட்ட நிர்வாகம் 12 சதவீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் தன் காசிலிருந்து 3 சதவீதம் போடவேண்டும். மாத வருமானம் 20,000 ரூபா என்றால், நம்முடையது 1600, நிர்வாகத்துடையது 2400, ஆக 4000 ரூபா சேமலாபத்துக்குப் போகவேண்டும். அதற்கு மேல் 600 நம்பிக்கை நிதிக்கு. கழித்தது துண்டில் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்பது துண்டில் தெரியாது. வருடம் முழுவதற்குமான சம்பளத் துண்டுகளின் படம் உங்களிடம் இருந்தால், சங்கம் தொழில் திணைக்களத்தில் உங்களுக்காக நின்று பேச முடியும். வயது 55 ஆன பிறகு துண்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறுவதில் பயனில்லை. எலியும் கறையானும் முந்திவிடும்.

இனி முக்கியமான ஒரு விஷயம். உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது?

நம் மக்களுக்கு நீண்ட காலம் குடியுரிமையே இல்லை. 1948 இல் பறித்தார்கள், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் மீதியிருந்தவர்களின் பிரச்சினை தீர்ந்தது. அடையாள அட்டை எடுப்பது பலருக்கு அதன் பிறகும் இழுபட்டது. அதனால் கடைக்காரர் பெயரில், மச்சான் பெயரில், ஏஜன்ட் பெயரில் சிம் வாங்கியவர்கள் நம்மிடம் நிறையப் பேர். இன்று வங்கி இரகசிய இலக்கம் அனுப்புவது அந்த எண்ணுக்கு. விண்ணப்பங்களில் எழுதிக் கொடுப்பது அந்த எண்ணை. சிம் தொலைந்தால், பெயர் உள்ளவர் வந்தால்தான் மீண்டும் கிடைக்கும். வீடு அடுத்தவன் பெயரில் இருப்பது எப்படியோ, எண் அடுத்தவன் பெயரில் இருப்பதும் அப்படித்தான். அடையாள அட்டையோடு சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தாய்மாருக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். கொழுந்து பறிப்பது நீங்கள், கிலோ உங்களுடையது, சேமலாபமும் உங்களுடையது. ஆனால் போன் பல வீடுகளில் கணவன் கையில் அல்லது மகன் கையில். உங்கள் பெயரில் உங்களுக்கென்று ஒரு எண் இருக்கவேண்டும். பழைய பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. ஆண் தோழர்களே, இதைக் கேட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். இன்னொன்றும் எல்லோருக்கும்: வங்கியிலிருந்து பேசுகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

தனியாளாகச் செய்ய முடியாதவையும் உண்டு. அவை சங்கத்தின் வேலை. லயங்களுக்கும் புதிய வீடுகளுக்கும் தனித்தனி முகவரி வேண்டும், கடிதம் வீட்டு வாசலுக்கே வரவேண்டும். சிக்னல் இல்லாத டிவிசன்களின் பட்டியல் எடுத்து உரிய இடங்களில் கொடுக்கவேண்டும். 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே அரச அலுவலகங்கள் நமக்கு அனுப்பும் செய்தி தமிழில் வரவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல.

இந்த வகுப்பு முடிந்து போகும் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் மூன்று காரியம் செய்யவேண்டும். உங்கள் டிவிசனில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரில் சிம் இல்லை என்று எழுதி வாருங்கள். சிக்னல் கிடைக்காத லயங்களைக் குறித்து வாருங்கள். இந்த மாதச் சம்பளத் துண்டிலிருந்து படம் எடுத்து வைக்கும் பழக்கத்தைப் பெரட்டுக்களத்தில் சொல்லித் தொடங்குங்கள். படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், அவசரப்படாமல் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

நம் முன்னோர் கணக்கை அடுத்தவர் எழுதினார்கள். நம் கணக்கை நாமும் எழுதி வைப்போம்.