அழைப்பு வருமுன் சேர வேண்டிய காகிதங்கள்



கனடாவில் குடியேற நினைக்கும் பொறியாளர், செவிலியர், கணக்காளர் எனப் பலரும் இன்று நம்பியிருக்கும் வழி எக்ஸ்பிரஸ் என்ட்ரி. 2015 ஜனவரியில் தொடங்கிய முறை இது. வயது, படிப்பு, மொழித் தேர்வு, வேலை அனுபவம் ஆகியவற்றை இணையத்தில் பதிந்தால், 1200-க்கு இத்தனை என்று புள்ளி கிடைக்கும். அவ்வப்போது நடக்கும் தேர்வுச் சுற்றில் போதிய புள்ளி உள்ளவர்களுக்கு, பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போடலாம் என்று அழைப்பு வரும். பதியும்போது சொன்ன ஒவ்வொன்றுக்கும் அதன் பிறகு காகிதம் காட்ட வேண்டும். அதற்குத் தரப்படும் அவகாசம் 60 நாள்.

இரண்டு மாதம் போதாதா என்று தோன்றும். மதுரையில் பொறியியல் படித்து, துபாயில் மூன்று ஆண்டு வேலை பார்த்து, திருமணத்துக்குப் பின் சென்னைக்குத் திரும்பிய ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். கணவர் இருக்கிறார், ஐந்து வயதில் ஒரு மகன். இவருக்கு வேண்டிய காகிதங்கள் பல்கலைக்கழகத்திடம், துபாய் நிறுவனத்திடம், துபாய் காவல்துறையிடம், சென்னை நிறுவனத்திடம், வங்கியிடம், பாஸ்போர்ட் அலுவலகத்திடம், மகன் பிறப்பைப் பதிந்த மாநகராட்சியிடம், கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் என்று எட்டு இடங்களில் இருக்கின்றன. இவர்களில் யாரையும் இவர் அவசரப்படுத்த முடியாது. கையெழுத்துப் போட வேண்டிய ஒருவர் விடுப்பில் போனால் பத்து நாள் போய்விடும்.

அதனால்தான் அழைப்பு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கி அடுக்கிவிடவும் கூடாது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. தாமதமாகக் கிடைப்பவையும் நீண்ட நாள் செல்லுபவையும் முதலில். சீக்கிரம் காலாவதியாகும் காகிதங்கள் கடைசியில். இந்த வரிசைதான் முக்கியம்.

முதலில் படிப்புச் சான்று. இந்தியப் பட்டம் கனடாவின் எந்தப் படிப்புக்குச் சமம் என்று அங்கீகரிக்கப்பட்ட ஓர் அமைப்பு மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் அவற்றில் ஒன்று. மதிப்பெண் விவரத்தை மாணவர் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். படித்து முடித்துப் பல ஆண்டு ஆனவர்கள் ஏதாவது ஒரு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியலைத் தொலைத்திருப்பார்கள். அதன் நகலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆனால் மதிப்பீடு கிடைத்துவிட்டால் 5 ஆண்டு செல்லும். முன்கூட்டியே வாங்குவதில் இழப்பே இல்லை.

மொழித் தேர்வு முடிவின் ஆயுள் 2 ஆண்டு. ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது, ஜெனரல் டிரெய்னிங் என்ற வகையைத்தான் கனடா ஏற்கிறது. மேற்படிப்புக்காக எழுதும் அகாடமிக் வகை இதற்கு உதவாது. பதிவு செய்யும் நாளில் மட்டுமல்ல, விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் முடிவு உயிரோடு இருக்க வேண்டும். அழைப்புக்காகக் காத்திருக்கும்போதே இந்த 2 ஆண்டு ஓடிவிடக்கூடும். தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

அதிகம் பேரை அலைக்கழிப்பது வேலை அனுபவக் கடிதம். நம் ஊர் நிறுவனங்கள் வேலையை விட்டுப் போகும்போது தரும் ரிலீவிங் லெட்டரில் பதவிப் பெயரும் இரண்டு தேதிகளும்தான் இருக்கும். கனடாவுக்கு அது போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், வகித்த பதவிகள், ஒவ்வொன்றிலும் செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வேண்டும். மேலதிகாரியோ மனிதவள அதிகாரியோ பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். செய்த பணிகளை விவரிக்கும் பகுதிதான் உயிர். கனடாவின் தொழில் வகைப் பட்டியலில் விண்ணப்பதாரர் சொன்ன வேலைக்கு இது பொருந்துகிறதா என்று அதிகாரி அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பதவிப் பெயர் சரியாக இருந்து பணிகள் பொருந்தாவிட்டால் அந்த அனுபவம் கணக்கில் வராமல் போகலாம்.

துபாயில் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால்? வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் திரட்டி, கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு விளக்கக் கடிதமும் இணைக்கலாம். இந்தியாவில் வேலை பார்த்த காலத்துக்கு ஃபார்ம் 16-உம் பி.எஃப். கணக்கு விவரமும் துணை நிற்கும். இவற்றைத் தேடி எடுக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். திருமணத்துக்குப் பின் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். எல்லாம் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். ஒட்டாவாவில் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பெயர் வேறுபாடுகளை எல்லாம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தை முன்பே தயாரித்து வைப்பது நல்லது. மகனின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பிறந்தவுடன் பதிந்து, பெயர் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தும். கணவர், அண்ணன், சித்தப்பா போன்ற உறவினர் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும் அவர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள்.

பணத்துக்கும் ஆறு மாதம் முன்பே வேலை இருக்கிறது. வெளிநாட்டு அனுபவத்தை வைத்து விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் அளவுக்கேற்ற தொகை கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். வங்கி தரும் கடிதத்தில் இன்றைய இருப்பு மட்டுமல்ல, கடந்த 6 மாதச் சராசரி இருப்பும், நிலுவைக் கடன்களும் இருக்க வேண்டும். கடன் வாங்கிப் போட்ட பணம் செல்லாது. வீடு, நிலத்தின் மதிப்பும் கணக்கில் வராது. கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்துக் கணக்கில் போடும் வழி இங்கே உதவாது. பெற்றோர் கொடுத்த பணமென்றால், அது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று அவர்களிடம் எழுதி வாங்கி வைப்பது வழக்கம்.

காவல்துறைச் சான்றில் ஆயுள் கணக்கு தெளிவாகத் தெரியும். 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டில், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று வேண்டும். நம் பெண் துபாயை விட்டு வந்துவிட்டார். வந்த பிறகு வாங்கிய அமீரகச் சான்று, அவர் மறுபடி அங்கே போய் வாழாதவரை செல்லும். அதை இப்போதே வாங்கிவிடலாம். இப்போது வசிக்கும் இந்தியாவின் சான்றோ விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பெறும் அந்தச் சான்றை அவசரப்பட்டு முன்பே வாங்கினால், மறுபடி வாங்க நேரிடும்.

மருத்துவப் பரிசோதனையும் கடைசிக் கட்டத்துக்கு உரியது. அதன் முடிவு 12 மாதம்தான் செல்லும். இடையில் சில காலம், விண்ணப்பித்த பிறகு உத்தரவு வரும்வரை காத்திருந்து பரிசோதனைக்குப் போவார்கள். 2025 ஆகஸ்ட் 21 முதல் விதி மாறி, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பரிசோதனையை முடித்த பிறகே விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அந்த 60 நாளுக்குள் இன்னொரு வேலை சேர்ந்துவிட்டது. மற்றக் காகிதங்களை முன்பே முடித்தவருக்குத்தான் இதற்கு நேரம் கிடைக்கும்.

எவ்வளவு முயன்றும் ஏதோ ஒரு முக்கியக் காகிதம் வரவில்லை என்றால், அழைப்பை மறுத்துவிடலாம். மறுத்தவருடைய பதிவு மீண்டும் காத்திருப்போர் வரிசைக்குப் போகும். அதற்காக அடுத்த அழைப்பில் தண்டனை எதுவும் கிடையாது. பதில் சொல்லாமல் 60 நாளை விட்டுவிட்டால்தான் பதிவே நீங்கிவிடும்.

நாள் நெருங்கும்போதுதான் சிலருக்குப் போலி அனுபவக் கடிதமும் ஏஜென்ட்டின் குறுக்கு வழியும் கண்ணில் படுகின்றன. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொய்த் தகவல் தந்தவர் 5 ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. அந்தக் காலத்தில் பி.ஆர். விண்ணப்பமும் போட முடியாது. கடிதத்தைத் தயாரித்தவர் ஏஜென்ட்டாக இருந்தாலும் தண்டனை விண்ணப்பதாரருக்குத்தான். உதவி தேவைப்படுபவர்கள் ஒன்றைச் சரிபார்க்கலாம். இந்த வேலைக்குக் கட்டணம் வாங்கும் ஆலோசகர்களுக்கு உரிமம் தரும், ‘காலேஜ்’ என்று அழைக்கப்படும் அமைப்பு 2021 நவம்பர் முதல் கனடாவில் இயங்குகிறது. உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். முன்பணம் கேட்பவரிடம் முதலில் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.