பள்ளிக்கூடத்து பேண்டும் நம் பிள்ளைகளின் காதும்

(மாலைநேரப் பள்ளி ஆசிரியர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. இன்னைக்குக் கவிதை இல்லை. பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்து பணம் எண்ணுறவன் வாத்தியத்தைப் பத்திப் பேசப்போறேன்.

போன மாதம் என் மகள் படிக்கிற பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் போன் பண்ணினார். கலைநிகழ்ச்சிக்குப் பறை வேணுமாம். "உங்க தெருப் பிள்ளைங்களுக்கு அது தானா வருமே சார், நாலு பேரை அனுப்புங்க" என்றார். நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அதே பள்ளியில் ஒரு பேண்டு இருக்கிறது. அதில் எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பேண்டு என்றால் பயிற்சி வேண்டும், உடுப்புக்குக் காசு வேண்டும். பறை என்றால் தானா வரும். எப்படி வரும்? ரத்தத்தில் வருமா? சாதியில் வருமா? நாலு நாள் அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினேன். அந்தத் திணறலைத்தான் இங்கே வைக்கிறேன்.

நானும் பள்ளி பேண்டில் இருந்தவன். எட்டாம் வகுப்பு. வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, தொப்பியில் கோழிக்கொண்டை மாதிரி ஒரு குஞ்சம். சைடு டிரம், பெரிய டிரம், ஜால்ரா, ப்யூகிள். பி.டி. வாத்தியார்தான் பேண்டு மாஸ்டர். முதல் நாளே யாருக்கு எந்த வாத்தியம் என்று உயரத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். எனக்குப் பெரிய டிரம். லெஃப்டுக்கு ஒரு அடி, ரைட்டுக்கு ஒரு அடி. இரண்டு வருஷம் அதேதான். சுதந்திர தினம், குடியரசு தினம், விளையாட்டு விழா, மந்திரி வருகை.

ஒருநாள் சாயங்காலம் விருந்தாளிக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. சும்மா இருந்த சைடு டிரம்மை எடுத்து எங்க தெருவில் கேட்ட ஒரு அடியைப் போட்டேன். பசங்க ஆட ஆரம்பிச்சுட்டாங்க. பின்னாலிருந்து மாஸ்டரின் பிரம்பு என் விரல்மேல் விழுந்தது. "இது என்ன சாவு வீடாடா?"

அவ்வளவுதான். குச்சியை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் பேண்டுக்குப் பேர் கொடுக்கவில்லை.

அந்த அடியை இன்றைக்கு யோசிக்கிறேன். அவர் அடித்தது என் தவறான தாளத்தையா? தாளம் சரியாகத்தான் இருந்தது, அதனால்தான் பசங்க ஆடினார்கள். நான் கேட்டு, நானாக வாசித்தேன் பாருங்கள், அதற்குத்தான் அடி. பள்ளி பேண்டு என்பது ராணுவத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு இங்கே வந்தது. பட்டாளத்தில் தாளத்தின் வேலை உடம்புகளை ஒரே வரிசையில் நடக்க வைப்பது. அங்கே அது தேவை. பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு? பேண்டில் இருந்த இரண்டு வருஷத்தில் பக்கத்தில் நிற்பவன் என்ன வாசிக்கிறான் என்று கேட்கச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. மாஸ்டரின் கையைப் பார், விசிலுக்கு நில். இது இசைக்கல்வி அல்ல, கீழ்ப்படிதலுக்கான பயிற்சி. கீழ்ப்படியக் கற்றுக்கொள்ள நமக்குப் பள்ளிக்கூடம் தேவையே இல்லை. ஊரே அதைத்தானே காலகாலமாய்ச் சொல்லிக் கொடுத்தது?

பேண்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று அதற்குப் பெயர். 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அவர் பேண்டைக் கேட்டுத் தன்னுடையதாக மாற்றினால் அது மேதைமை. எங்க சித்தப்பா கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறார். நோட்டு தெரியாது. புதுப் படத்துப் பாட்டை இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை வாசித்துவிடுவார். அதற்கு டப்பாங்குத்து என்று பெயர். கேட்டு வாங்கித் தன்னுடையதாக்குகிற அதே வேலை. செய்கிறவன் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

இன்னொரு ஊர். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டான் என்று 11 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனைப் போலீஸ் பிடித்தது. கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். அங்கே ஒரு பேண்டு இருந்தது. பீட்டர் டேவிஸ் என்பவர் வாத்தியார். மோசமான தெருவிலிருந்து வந்தவன் என்று முதலில் அவர் அவனைச் சேர்க்கவில்லை. பிறகு டாம்பரின் கொடுத்தார். அப்புறம் டிரம், ஆல்ட்டோ ஹார்ன், ப்யூகிள், கடைசியில் கார்னெட். அந்தச் சிறுவன்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். உள்ளே வருமுன்பே தெருமுனைகளில் சில்லறைக்காகப் பாடியவன். காதை அவன் தெருவிலிருந்தே கொண்டு வந்திருந்தான். பள்ளி அவனுக்கு ஊதுவதற்கு ஒன்றைக் கொடுத்தது. ஒரு வாத்தியத்தோடு நிறுத்தாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தது. வெளியே வந்து அவன் ஊதியது யாருடைய கட்டளைக்கும் அல்ல.

நம்ம பக்கம் பறை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று யாராவது கவனித்திருக்கிறீர்களா? முதலில் பறையே கொடுக்க மாட்டார்கள். அடியை வாயால் சொல்ல வேண்டும், தொடையில் தட்ட வேண்டும். சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்து ஆட வேண்டும். அப்புறம்தான் இடது கைக்குச் சுண்டுக்குச்சி, வலது கைக்கு அடிக்குச்சி. தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, சத்தம் வந்துவிட்டதா என்று காதால் முடிவு செய்ய வேண்டும். ஒத்தையடி, மாரடிப்பு அடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி; புதிதாக வந்த சினிமா அடி, ஜாயிண்ட் அடிகூட உண்டு. வெளியிலிருந்து எது வந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் கலை அது. ஒருவர் அடியை மாற்றினால் மற்றவர்கள் அவர் கண்ணைப் பார்த்து மாறுவார்கள். வாய், காது, கால், கை, கண் எல்லாம் சேர்ந்த பாடத்திட்டம். இதைத்தான் 'தானா வரும்' என்கிறார்கள். ஒரு மனிதனின் பத்து வருஷ உழைப்பைத் 'தானா வரும்' என்று சொல்வதைவிட அதை அவமதிக்க வேறு வழி இல்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

பிரம்படி வாங்கிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். எனக்காகச் சண்டைக்குப் போவாருன்னு நெனச்சேன். "அவன் அடிச்சது சரிதான். இனிமே நீ குச்சியத் தொட்டா நானே கைய முறிப்பேன்"னு சொன்னாரு. அப்பா நல்ல ஆட்டக்காரர். ஊர்ச் சாவுக்கு ராத்திரி முழுக்க அடித்துவிட்டு ஒரு மரக்கால் நெல்லும் மிச்சச் சாராயமும் வாங்கிக்கொண்டு வந்தவர். ஒருநாள் போக மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் காசுக்காக நிறுத்தவில்லை, மானத்துக்காக நிறுத்தினார். காட்டுமன்னார்கோயில் பக்கம் இளையபெருமாள் பறையடிப்பதை விடச் சொல்லிப் போராடியதும் இதற்காகத்தான். அந்த மறுப்பு இல்லையென்றால் நான் பேங்க்கில் உட்கார்ந்திருக்க மாட்டேன். பறை விடுதலையின் குரல் என்று மேடையில் பேசுகிறவர்கள் அதை வைத்துவிட்டுப் போனவர்களின் நியாயத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மாஸ்டரும் அப்பாவும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஒருவர் சொன்னது தீட்டு. இன்னொருவர் சொன்னது விடுதலை. நடுவில் நின்ற பிள்ளையின் கை சும்மா கிடந்தது.

அதனால் அந்த ஆசிரியருக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இது. எங்கள் தெருவிலிருந்து நாலு பேரை அனுப்ப மாட்டேன். பள்ளியிலிருந்து நாற்பது பேரைச் சேருங்கள், எல்லாத் தெருவிலிருந்தும், பெண் பிள்ளைகளும். ஆசான் ஒருவரைக் கூட்டி வருகிறேன். தோலை எல்லாரும் தொடட்டும், எல்லாரும் காய்ச்சட்டும். அவருக்குப் பொன்னாடை வேண்டாம், சம்பளம் கொடுங்கள். 2025-ல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அவரைப் போன்ற ஒருவர் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை கேட்டால் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பேண்டையும் கலைக்க வேண்டாம், மாற்றுங்கள். முதல் மாதம் வாத்தியம் வேண்டாம், காது மட்டும். தெருவில் கேட்ட சத்தத்தைப் பிள்ளைகள் வந்து கைதட்டிக் காட்டட்டும். வாத்தியத்தை உயரம் பார்த்துக் கொடுக்காதீர்கள், மாற்றி மாற்றிக் கொடுங்கள். பருவத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு அடியை உண்டாக்கி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். உடுப்புக்காக ஒரு பிள்ளையையும் வெளியே நிறுத்தாதீர்கள்.

பள்ளி இன்னும் பதில் சொல்லவில்லை. நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் மாலைநேரப் பள்ளிக்கு ஆறு பறை வாங்கியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு தொடக்கம். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். பக்கத்துத் தெருக்காரர்களிடமும் கேளுங்கள், வர மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம்.

நேற்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போனேன். மகள் எடுத்துத் தட்டினாள். அப்பா திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னார்: "தோலு இன்னும் காயல பாப்பா."