சதுர அடிக்கு எவ்வளவு?



என் அப்பா போர்டு எழுதுகிறவர். மளிகைக் கடை, சைக்கிள் கடை, கல்யாண மண்டபம் என்று எங்கள் ஊரில் பாதிப் பெயர்ப்பலகைகள் அவர் கைவண்ணம்தான். யாராவது பலகை வேண்டும் என்று வந்தால் முதலில் டேப்பை எடுப்பார். நீளம், அகலம், இத்தனை சதுர அடி, அடிக்கு இவ்வளவு, பாதிப் பணம் அட்வான்ஸ். அட்வான்ஸ் கைக்கு வராமல் பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறக்கமாட்டார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி, வந்தவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்.

நான் கலைக் கல்லூரியில் படித்து ஓவியன் ஆனேன். முதல் கண்காட்சியில் ஒரு பெரியவர் என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "என்ன விலை தம்பி?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனதில் இருந்த தொகையில் பாதியைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதே தப்புச் செய்வதுபோல் இருந்தது. போர்டு எழுதிய அப்பாவுக்கு ஒரு நாளும் வராத கூச்சம் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படம் 30,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலரிகள் தங்கள் பங்காக மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை எடுப்பது வழக்கம். 40 சதவீதம் என்றால் 12,000 போயிற்று. கான்வாஸ், வண்ணம், சட்டம், வண்டி வாடகை என்று 5,000 ஆகும். மிச்சம் 13,000. வாங்கியவர் பணம் கட்டி, கேலரி கணக்கு முடித்து, அது கைக்கு வர மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். கண்காட்சிக்குப் போன பத்துப் படங்களில் இரண்டு விற்றால் நல்ல காலம். மற்ற எட்டும் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும். கேலரியை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் இடத்துக்கு வாடகை, விளக்குக்குக் கரண்ட் பில் என்று கட்டியாக வேண்டும்.

பணம் குறைவாக வந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். எப்போது வரும் என்றே தெரியாமல் குடும்பம் நடத்துவதுதான் ஆளைத் தின்னும். அந்தப் பயம் மெல்லக் கைக்கும் இறங்கிவிடும். போன தடவை விற்றது பிள்ளையார் படம் என்றால், அடுத்த பத்தும் பிள்ளையாராகவே வந்து நிற்கும்.

இந்தச் சிக்கலை 1960களில் சென்னையில் ஒருவர் நேருக்கு நேர் நின்று பார்த்தார். கே.சி.எஸ். பணிக்கர். மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957ல் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வரானவர். நல்ல கைகள் அவரிடம் படித்து வெளியே வந்தன. வந்ததும் நெசவாளர் சேவை மையம், விளம்பர நிறுவனம் என்று வேலைக்குப் போயின. சம்பளம் வந்தது. ஆனால் பலருக்குச் சொந்தப் படம் வரைவது ஞாயிற்றுக்கிழமை வேலையாகச் சுருங்கிவிட்டது.

சோற்றுக்குக் கைத்தொழில், ஓவியம் ஓவியத்துக்காக. இதுதான் பணிக்கர் காட்டிய வழி. அவரைச் சுற்றி இருந்த இளைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டு பாத்திக் துணிகள் செய்தார்கள். பாத்திக் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். மெழுகை உருக்கித் துணியில் கோடு இழுக்க வேண்டும். சூடு ஏறினால் கோடு பரவி ஓடிவிடும். ஆறிப்போனால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும், அடியில் சாயம் புகுந்துவிடும். சாயத்தொட்டி குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட மெழுகே கரைந்துபோகும். துணியைக் கசக்கும்போது காய்ந்த மெழுகில் விரிசல் விழும். அந்த விரிசல் வழியாகச் சாயம் நரம்பு நரம்பாக இறங்கும். கடைசியில் வெந்நீரில் மெழுகைக் கழற்றி எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். தேர்ந்த ஓவியர்கள் செய்த துணி என்பதால் வாங்குவதற்கு ஆள் இருந்தது.

அந்த வருமானத்தில்தான் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். எந்தப் புரவலரும் தூக்கிக் கொடுத்த நிலமல்ல. 1966ல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. முதலில் ஓலைக் குடிசைகள், மின்சாரம் கிடையாது. ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, பி. கோபிநாத், எஸ்.ஜி. வாசுதேவ், சிற்பி எஸ். நந்தகோபால் என்று அங்கே வேலை செய்தவர்கள் பலர். எல்லாரும் அங்கேயே இருந்துவிடவில்லை. அவர்களோடு இருந்த ஓவியர் விஸ்வநாதன் பாரிஸுக்குப் போனார். வாசுதேவ் பின்னாளில் பெங்களூருக்குப் போனார். ஆனால் கிராமம் நின்றது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அங்கே இறங்கி அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

பலரும் பாத்திக்கைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கென்னவோ அவர்கள் செய்ததில் பெரிய புத்திசாலித்தனம் நிலம் வாங்கியதுதான் என்று தோன்றுகிறது. ஓவியனை நெருக்குகிற முதல் செலவு வண்ணமோ கான்வாஸோ இல்லை, வாடகை. அதை அவர்கள் கூட்டாக நின்று தீர்த்துக்கொண்டார்கள். தனியாளாக ஒருவரால் அது முடிந்திருக்காது.

எனக்கு நிலமில்லை. சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மாத முதல் வாரத்தில் ஃபீஸ் வந்துவிடும். அரிசி, பருப்பு, வாடகை அதில் போகும். திங்கள் முதல் வியாழன் வரை கதவைச் சாத்திக்கொண்டு என் படத்தோடு இருப்பேன். அது விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி.

ஆனாலும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தேர்த் திருவிழாப் படம் ஒன்று கேட்டார். பேசிய பணத்தை ஒழுங்காகக் கொடுத்தார். அடுத்த தீபாவளிக்குப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பையில் என் தேர். கலசம் மடிப்புக்குள் போயிருந்தது. வடம் பிடிக்கிறவர்களின் கால்கள் வெட்டுப்பட்டிருந்தன. கடைக்குப் போய்க் கேட்டேன். "பணம் கொடுத்துத்தானே சார் வரையச் சொன்னோம்?" என்றார்கள்.

வக்கீலிடம் போனபோதுதான் சட்டம் அவர்கள் பக்கம் என்று தெரிந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தின் பதிப்புரிமை அவருக்கே போகும், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதே சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவும் உண்டு. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், வரைந்தவருக்கு அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் அவர் அந்தப் படத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். முதல் தாளில் எழுதாமல் விட்ட ஒரு வரி இரண்டு உரிமைகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இந்த மறுவிற்பனைப் பங்கு இதுவரை என் நண்பர்கள் ஒருவருக்கும் வந்ததில்லை. விற்ற படம் எந்த வீட்டுக்குப் போனது, எப்போது கைமாறியது என்று குறித்து வைத்தவர்களே எங்களில் குறைவு.

அப்பாவுடையதைப் போல ஒரு நீள நோட்டு வாங்கினேன். போன வாரம் ஒரு டாக்டர் தன் கிளினிக்குக்குப் படம் கேட்டு வந்தார். டேப்பை எடுத்தேன். நீளம், அகலம், விலை, பாதி முன்பணம், தரவேண்டிய தேதி எல்லாம் எழுதி, கடைசி வரியில் பதிப்புரிமை வரைந்தவருக்கே என்று எழுதினேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எழுதணுமா சார்?" என்று கேட்டார்.

"எழுதணும் டாக்டர்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம்தான் சட்டத்தில் கான்வாஸை இழுத்து முதல் ஆணியை அடித்தேன்.