நட்பின் பெயரால் ஒரு மாளிகை



கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே கொண்ட நட்பைப் போற்றியது தமிழ். கிரேக்க மரபில் நட்புக்குச் சான்றாக நிற்போர் டாமனும் பிதியாசும். மரண தண்டனை பெற்ற நண்பனுக்காக மற்றவன் பிணையாக நின்ற கதை அவர்களுடையது. அக்கதையை அடித்தளமாகக் கொண்டு 1864இல் வாஷிங்டன் நகரில் தோன்றியது 'பிதியாஸ் வீரர்கள்' என்னும் சகோதரத்துவச் சங்கம்.

ஆயின், நட்பைப் போற்றிய அச்சங்கம் கறுப்பின மக்களுக்குத் தன் கதவைத் திறக்கவில்லை. விலக்கப்பட்டோர் 1880இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அவர்கள் அப்பெயரைத் தாங்குவதையும் பொறாது வழக்குத் தொடுத்தனர் வெள்ளையர். 1912இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவர் பக்கமே தீர்ப்பளித்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1916இல், டாலஸ் நகரின் எல்ம் தெருவில், 'டீப் எல்லம்' பகுதியில், அச்சங்கத்தின் டெக்சாஸ் கிளைக்கெனச் செங்கல் மாளிகை ஒன்று எழுந்தது. அதை வடிவமைத்தவர் வில்லியம் சிட்னி பிட்மன், புக்கர் டி. வாஷிங்டனின் மருமகன், டெக்சாசில் தொழில்புரிந்த முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் எனப் போற்றப்படுபவர்.

சங்கத்தாரின் சடங்குகளோடு அம்மாளிகை நின்றுவிடவில்லை. கறுப்பின மருத்துவரும் பல் மருத்துவரும் வழக்கறிஞரும் அங்கே அலுவலகம் அமைத்தனர். அதன் கூடத்தில் இசை ஒலித்தது. அறிவியலறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் உரையாற்றினார். தனித்து வாழுமாறு ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள், தலைநிமிர்ந்து நுழைவதற்கு ஒரு வாயிலைப் பெற்றனர்.

காலம் அதை அவர்கள் கையில் விட்டுவைக்கவில்லை. மாளிகை கைமாறியது, 1959இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பிட்மன் மறைந்திருந்தார். நகருக்கு மாளிகை தந்தவரின் கல்லறையில் 1985 வரை பெயர்க்கல்கூட இல்லை. 1989இல் நகராட்சி அக்கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2020இல் அது தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டபோது பிட்மனின் பெயரையே தாங்கியது.

சுவர்கள் காக்கப்பட்டன, பெயரும் மீண்டது. இவை மகிழத்தக்கனவே. எனினும், அம்மாளிகையை எழுப்பியோர் கூடிய அவை மீளவில்லை. கல்லைக் காப்பது எளிது. கூடிவாழும் உறவைக் காப்பது அரிது.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் எந்த இலக்கிய வட்டமும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உள்ளே அமர்ந்திருப்போரின் நெருக்கத்தை மட்டும் கொண்டு ஓர் அமைப்பின் நட்பை அளந்துவிட இயலாது. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்று கேட்பதே அதற்குரிய அளவுகோல்.