நெகட்டிவை யாரிடம் கொடுத்து வைப்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான், அதுக்குள்ள முடிச்சுடுப்பா" என்று நம் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காலையில் பதிவு மேசை அருகே மூன்றாமாண்டு மாணவி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ரா ஃபைலை டெவலப் பண்ண எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? மாசா மாசம் பணம் கட்டுறதா, ஒரேயடியா வாங்குறதா, இல்ல சும்மா கிடைக்கிறதே போதுமா?" லீவு நாளில் கல்யாணம் எடுத்து ஃபீஸ் கட்டுகிற பெண். அவருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு அவருக்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் இயற்பியல் துறை மாடிப்படிக்குக் கீழே ஒரு இருட்டறை இருந்தது. ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஹைப்போ வாசனை, ஈரக் கை. அங்கே கற்ற முதல் பாடம்: பிரிண்ட் போனால் போகட்டும், நெகட்டிவ் பத்திரம். ரா ஃபைல் என்பது இன்றைய நெகட்டிவ். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். கல்யாண வீட்டில் வீடியோ லைட் மஞ்சளாக அடிக்கும், பட்டு வேட்டி வெளுத்துப் போகும், ஹோமப் புகையில் மணப்பெண்ணின் முகம் இருட்டாகும். அப்போது கைகொடுப்பது இந்தப் படிகள்தான்.

இன்னொன்றும் உண்டு. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் ப்ரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. விட்டுப்போன இரண்டு நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிப்பது சாஃப்ட்வேரின் வேலை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஊகிக்கும். அதனால்தான் ஒரே ரா ஃபைல் ஒன்றில் சிவந்தும் இன்னொன்றில் வெளிறியும் தெரிகிறது.

இனி என் கதை. 2010-இல் என் அறைத்தோழனின் தங்கை கல்யாணம். 1,400 படம். மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். 2021-இல் அந்தத் தங்கை ஃபோன் செய்தாள். "அண்ணே, அப்பா போயிட்டாரு. தாரை வார்க்கும்போது எடுத்தீங்களே, அந்தப் படம் பெருசா வேணும். ஆல்பத்துல இருக்கிற மாதிரியே வேணும்."

ஃபைல் இருந்தது, திறந்தும் பார்த்தேன். ஆனால் மூன்று வார உழைப்பு அதில் இல்லை! திருத்தங்கள் எல்லாம் பழைய சாஃப்ட்வேரின் கேட்டலாக்கில் கிடந்தன. அது என் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஏமாந்தது நான். ராத்திரி முழுக்க ஆல்பத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கண்ணாலேயே நிறம் பார்த்துப் பொருத்தினேன். ஒன்று சொல்ல வேண்டும்: புது சாஃப்ட்வேரில் பெரியவரின் முகம் பழைய பிரிண்டை விடத் துல்லியமாக வந்தது. அதை அனுப்பினால், "அண்ணே, ஆல்பத்துல அப்பா இப்படி இல்லையே" என்றாள். மறுபடி கொஞ்சம் மங்கலாக்கி அனுப்பினேன். மீதி 1,399 படங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

ஆகவே அம்மா, 'எது நல்லா கலர் கொடுக்கும்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இதை விட்டு வெளியே போக நேர்ந்தால் என் கையில் என்ன மிஞ்சும்' என்றும் கேளுங்கள். சாஃப்ட்வேர்கள் சாகும். ஆப்பிளின் அப்பர்ச்சர் 2005-இல் வந்தது. கைவிடப் போவதாக 2014-இல் அறிவித்தார்கள். 2019-இல் வந்த மேக் கேட்டலினாவில் அது ஓடவே ஓடாது. (என் கதையில் வந்தது இது இல்லை.) அடோபி லைட்ரூமை ஒரேயடியாக விலை கொடுத்து வாங்கும் வழி 6-ஆம் பதிப்போடு நின்றது. அதை வைத்திருப்பவர் 2017-க்குப் பின் வந்த புது கேமரா வாங்கினால், ஃபைலை இலவச மாற்றியில் போட்டு டிஎன்ஜி ஆக்கித்தான் உள்ளே கொடுக்க வேண்டும்.

சந்தா கட்டுவது பாவம் என்று நான் சொல்லவில்லை; நானே கட்டுகிறேன். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் செய்த திருத்தத்தோடு படத்தை எக்ஸ்போர்ட் செய்யலாம், டெவலப் பகுதிதான் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதன் செட்டிங்கில் மாற்றங்களை எக்ஸ்எம்பி ஃபைலாகவும் எழுதச் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. இன்று ராத்திரியே அதில் டிக் போடுங்கள். டார்க்டேபிள் இலவசம், 2009 முதல் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே அப்படி ஒரு ஃபைலை எழுதி வைக்கும். பழக ஒரு மாசம் ஆகும், ஆரம்பத்தில் எரிச்சல் வரும். இதில் செய்த திருத்தம் அதில் அப்படியே வராது என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாரும் எக்ஸ்எம்பி என்றாலும் பாஷை வேறு. எனவே முக்கியமான ஐம்பது படங்களை 16 பிட் டிஃப் ஆகவும் எடுத்து வைத்துவிடுங்கள். டிஸ்க் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஆரம்பத்தில் கையில் காசு இல்லையென்றால் கேனனின் டிபிபி, நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ இரண்டும் இலவசம். கேமரா பின்திரையில் தெரிந்த நிறத்துக்கு மிக அருகில் கொடுப்பவை அவைதான். ஆயிரம் படத்தை வேகமாகத் தள்ளுவதற்குத்தான் சிரமம்.

கடைசியாக, விளம்பரத்தில் வரும் பனிமலைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் எடுத்த இருபது ஃபைல் எடுங்கள்: கெட்டிமேள நேரத்துக் கூட்டம், ஊதா எல்இடி அடித்த ரிசப்ஷன், வெயிலில் வெள்ளைச் சட்டை, நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான முகங்கள். இலவசச் சோதனைக் காலத்திலேயே இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வேதியியல் லேப் வராந்தாவில் என் லேப்டாப்போடு மூன்று மணி வரை இருப்பேன். உன் பென்டிரைவை எடுத்துக்கிட்டு வாம்மா, சேர்ந்து பார்க்கலாம்.