கூடார வாசலில் யாருமில்லை

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் ‘பயணமும் எழுத்தும்’ என்ற பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிட்னியிலும் மெல்பேர்னிலும் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

எனக்கு முன் பேசியவர்கள் ஐஸ்லாந்து பற்றியும் அங்கோர் வாட் பற்றியும் பேசினார்கள். நான் தொழிலால் ஒரு தாதி. லீவு கிடைப்பதே கோடையில் சில நாட்கள்தான். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த பயணம் ஒன்றுதான்: காரின் கூரை வரைக்கும் சாமான் அடைந்து, பிள்ளைகளுடன் காம்பிங் போவது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், காசு கட்டிப் போய் ஏமாந்து திரும்பும் விருந்தாளிகளைப் பற்றி. இதில் என்ன இலக்கியம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய மிகப் பழைய இலக்கியத்தில் ஒரு பெரிய பகுதி இதைப் பற்றியதுதான்.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசில் பெற்று வரும் ஒரு கலைஞர், வழியில் பசியோடு வரும் இன்னொரு கலைஞரைப் பார்த்து, ‘நான் போன இடத்துக்கு நீயும் போ’ என்று சொல்வது. எந்த வழியாகப் போவது, எந்த நிலத்து மக்கள் என்ன சாப்பாடு தருவார்கள், அந்தத் தலைவன் எப்படி வரவேற்பான், எல்லாம் அதில் இருக்கும். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் வரும், பார்த்துப் போ என்று ஆபத்துகளையும் வரிசையாகச் சொல்கிறது. முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் செய்யும் உதவி அது. இன்று நாங்கள் ஒரு இடத்துக்குப் போகுமுன் மற்றவர்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் படிக்கிறோமே, அதன் மூதாதை இதுதான்.

நல்ல விருந்தைப் பாடினார்கள் என்றால், கெட்ட விருந்தை? அதையும் பாடினார்கள். பெருஞ்சித்திரனார் என்ற புலவரை நினைத்துப் பாருங்கள். புறநானூற்றில் அவருடைய வறுமையைக் கண்ணீரில்லாமல் படிக்க முடியாது. அந்த மனிதர் இளவெளிமானிடம் போனார். அவன் மதிக்காமல் சிறிது கொடுத்தான். புலவர் அதை வாங்கவில்லை. குமணனிடம் போய் யானையைப் பரிசிலாகப் பெற்று, அதைக் கொண்டுவந்து இளவெளிமானுடைய காவல்மரத்தில் கட்டிவிட்டு, ‘இதுதான் பரிசில், பார்’ என்ற பொருளில் பாடிவிட்டுப் போனார். இன்னொரு முறை அதியமான், புலவரை நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்து அனுப்பினான். அதையும் அவர் மறுத்தார். முகம் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்பது அவருடைய வாதம். வீட்டில் பசி. இருந்தும் அவர் கேட்டது, நான் வந்திருக்கிறேன் என்பதை யாராவது பார்க்க வேண்டும் என்பதைத்தான்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

காம்பிங் போகிறவர்கள் வசதி தேடிப் போவதில்லை. கட்டிலை வீட்டில் விட்டுவிட்டுத் தரையில் படுக்கத்தான் போகிறோம். நுளம்பு கடிக்கும், மழை பெய்யும், கரி பிடித்த கேத்திலில் தேத்தண்ணி வைப்போம். அதற்கெல்லாம் யாரும் முறைப்பாடு செய்வதில்லை. சுவரையும் கதவையும் விட்டுவிட்டுப் போகும்போது நாங்கள் எதிர்பார்ப்பது மிகக் கொஞ்சம்: குடிக்கக்கூடிய தண்ணீர், போகக்கூடிய கழிப்பறை, இரவில் கொஞ்சம் அமைதி, ஏதும் நடந்தால் கூப்பிட ஒரு ஆள். இவை மட்டும் இருந்தால் மற்றதெல்லாம் அனுபவம். இவை இல்லாவிட்டால் எவ்வளவு அழகான ஏரி இருந்தும் பயனில்லை.

ஒன்ராறியோவில் மாகாணப் பூங்காக்களுக்கு 5 மாதங்களுக்கு முன்பே பதிவு திறக்கும். காலை 7 மணிக்குக் கணினி முன் இருக்க வேண்டும். நீண்ட வாரவிடுமுறை என்றால் கண்மூடித் திறப்பதற்குள் நல்ல இடங்கள் போய்விடும். ஒரு தளத்தில் 6 பேருக்கு மேல் தங்கவும் முடியாது. மூன்று குடும்பம் சேர்ந்து போகும் எங்கள் பழக்கத்துக்கு அது போதாது. ஆகவே பலர் தனியார் நடத்தும் இடங்களுக்குப் போகிறோம். அவற்றில் அருமையானவையும் உண்டு. ஒரு கோடையில் நாங்கள் போனது மற்ற வகை. பெயர் சொல்லப் போவதில்லை.

14 பேர் போனோம். எட்டு மாதக் குழந்தையிலிருந்து எழுபத்தாறு வயது மாமி வரை. படத்தில் மர நிழலும் புல்லும் இருந்தன. எங்களுக்குத் தந்தது வாகனங்களின் கழிவுத் தொட்டி திறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சரளைக்கல் திடல். அடுப்புக் குழிக்குள் முன்னையவர்களின் பியர் கான்களும் பாதி எரிந்த நப்பியும். மரம் தின்னும் பூச்சி பரவும் என்பதால் வெளியிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது. அது நியாயமான விதி. ஆனால் அங்கே விற்ற விறகு ஈரம். மூன்று கழிப்பறையில் ஒன்று பூட்டு, ஒன்று நிரம்பி வழிந்தது, மூன்றாவதில் சவர்க்காரம் இல்லை. இரவு 2 மணி வரை பக்கத்துத் திடலில் பாட்டு. அலுவலகக் கதவில் எழுதியிருந்த இலக்கத்துக்கு அழைத்தால் குரல் பதிவுதான் பதில் சொன்னது.

இரண்டாம் நாள் காலை குழாய்த் தண்ணீர் மங்கல் நிறமாக வந்தது. அன்று மத்தியானம் எங்களுடன் வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றோட்டத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். பிள்ளைக்கு உப்பு, சீனிக் கரைசல் கொடுத்தோம், குழந்தையின் பாலுக்குக் கடைத் தண்ணீர் வாங்கினோம். பிறகு நான் அலுவலகத்துக்குப் போய், “இந்தத் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?” என்று கேட்டேன். அங்கே இருந்தது பதினேழு வயதுப் பையன். “எனக்குத் தெரியாது, நான் கோடைக்கு மட்டும்தான் வேலை செய்கிறேன்” என்றான். யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அவனில் பிழை இல்லை. அவனையும் தனியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

திரும்பி வந்து கூடாரத்தில் இதைச் சொன்னபோது மாமி சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. “பிள்ளை, மெனிக் பாமில எங்களுக்கு இதுவும் இருக்கேல்ல. ரெண்டு நாள்தானே, பேசாமல் இரு.”

கேட்பவர்களில் சிலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் அவற்றில் மிகப் பெரியது. கடைசிக் குடும்பங்கள் அதைவிட்டு வெளியேறியது 2012 செப்ரெம்பரில். எங்கள் தமிழில் ‘முகாம்’ என்ற சொல்லுக்கு விடுமுறை என்ற பொருள் ஒட்டவே ஒட்டாது. தண்ணீர் பவுசருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவருக்கு, மங்கலாகவேனும் குழாயில் தண்ணீர் வந்தால் அது பெரிய விஷயம்.

ஆனால் நான் மாமியோடு உடன்படவில்லை. இதே சொல்லை நான் வேலையிடத்தில் அடிக்கடி கேட்கிறேன். எங்கள் முதியவர்களிடம் வலி பத்தில் எவ்வளவு என்று கேட்டால், முகம் சுருங்கிக்கொண்டே ‘பரவாயில்லை’ என்பார்கள். இதைவிட மோசமானதைக் கண்டவர்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ‘பரவாயில்லை’ என்று சொல்லும் நோயாளிக்குச் சிகிச்சை பிந்திப்போகிறது. சகிப்பு சகிப்பவரோடு நின்றுவிட்டால் அது அவர் விருப்பம். தண்ணீர் விஷயத்தில் அது நிற்பதில்லை. திங்கட்கிழமை நாங்கள் கிளம்பிய திடலில் வெள்ளிக்கிழமை இன்னொரு குழந்தை வந்து இறங்கும்.

ரொறன்ரோவிலிருந்து 9 ஆம் நெடுஞ்சாலையில் ஹியூரன் ஏரிக்குப் போகிறவர்கள் வோக்கர்ட்டன் என்ற சிறிய ஊரைத் தாண்டிப் போவார்கள். 2000 ஆம் ஆண்டு மே மாதம், பெருமழைக்குப் பிறகு, மாட்டெருவில் இருந்த ஈ.கோலை கிருமி அந்த ஊரின் ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். நீதிபதி டெனிஸ் ஓ’கொனரின் விசாரணை அறிக்கையைப் படித்தால் மனம் கனக்கும். அங்கே யாரும் விஷம் வைக்கவில்லை. குளோரின் அளவைச் சரியாகப் பார்க்காமல், பார்த்ததாகப் பதிவேட்டில் எண்களை எழுதினார்கள். அந்தத் தண்ணீர் நல்லது என்று நம்பி அவர்களே அதைக் குடித்தும் இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லாத அசட்டையும் ஆளைக் கொல்லும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

அதற்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் குடிநீர்ச் சட்டங்கள் இறுகின. சொந்தக் கிணற்றிலிருந்து மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் காம்பிங் இடங்கள், மோட்டல்கள் போன்றவை 2008 டிசம்பரிலிருந்து உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவின் மேற்பார்வையில் இருக்கின்றன. அதாவது ‘எப்போது பரிசோதித்தீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் எங்கேயோ ஒரு தாளில் இருக்க வேண்டும். அதைக் கேட்பது சண்டை இல்லை.

வீடு வந்ததும் அந்த இடத்துக்கு எழுதினேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த முறை வந்தால் பத்து வீதம் கழிவு என்று ஒரு கூப்பன். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்குப் பெருஞ்சித்திரனார்தான் நினைவுக்கு வந்தார். முகம் பார்க்காமல் அனுப்பிய பரிசில்! அதை நான் வாங்கவில்லை. காவல்மரத்தில் கட்ட என்னிடம் யானையும் இல்லை. தொலைபேசி இருந்தது. சுகாதாரப் பிரிவை அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார்: எந்தத் திகதி, எந்தக் குழாய், என்ன நிறம், எத்தனை பேருக்கு வருத்தம். மூன்று நாளில் முதல்முறையாக அல்ல, மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒருவர் எங்களைக் கேட்டார். அவர்கள் போய்ப் பார்த்தார்கள். அடுத்த கோடையில் அங்கே போன நண்பர் ஒருவர், குழாயருகே ‘இது குடிப்பதற்கல்ல’ என்ற பலகையும், குடிநீருக்கு வேறு ஏற்பாடும் இருந்ததாகச் சொன்னார். பெரிய வெற்றி இல்லை. ஒரு பலகை. ஆனால் மலைபடுகடாம் செய்ததும் அதுதானே: இங்கே பொறி இருக்கிறது, பார்த்துப் போ.

இங்கே எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆகவே இதைச் சொல்கிறேன். முறைப்பாடும் ஒரு எழுத்துத்தான். ‘மோசமான இடம், யாரும் போகாதீர்கள்’ என்பது கோபம். அதனால் யாருக்கும் வழி தெரியாது. திகதி, இடம், கண்டது, கேட்டது, கிடைத்த பதில் என்று எழுதினால் அது ஆற்றுப்படை. நாங்கள் மருத்துவமனையில் குறிப்பு எழுதுவதும் அப்படித்தான். ‘நோயாளி சரியில்லை’ என்று எழுத முடியாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு காய்ச்சல், என்ன செய்தோம் என்றுதான் எழுத வேண்டும். அடுத்த முறைக்கு வருகிற தாதி அதை வாசித்துத்தான் அந்த உயிரைப் பார்க்கப்போகிறாள். நல்லது இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தப் பதினேழு வயதுப் பையன் எங்களுக்காக வேறிடத்திலிருந்து காய்ந்த விறகு இரண்டு கட்டுத் தேடிக்கொண்டு வந்து தந்தான். அதையும் நான் எழுதியிருந்தேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவள். விருந்தோம்பல் என்றால் எனக்கு ஆபிரகாம்தான் முதலில் நினைவுக்கு வருவார். அவரும் கூடாரவாசிதான். பகல் வெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் நிற்பதைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார். கொழுத்த கன்று பிறகுதான் வருகிறது. அவர் முதலில் கொண்டுவரச் சொல்வது கால் கழுவக் கொஞ்சம் தண்ணீர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கி, விருந்தாளியின் முகம் வாடாமல் பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டிலும் நான் காண்பது ஒன்றுதான்: வாசலில் ஒருவர் இருக்க வேண்டும், அவர் வருகிறவரைப் பார்க்க வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு இடம் தருகிறவர்களிடம் அவ்வளவையும் எதிர்பார்க்க முடியாது. வாசலில் ஒரு ஆளையும், சுத்தமான தண்ணீரையும் எதிர்பார்க்கலாம். அதுவும் இல்லாத இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்கு வாசலில் நிற்கும் வேலை நம்முடையதாகிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இந்தக் கோடையில் காம்பிங் போகிறவர்கள் இருந்தால், நல்ல இடங்களின் பெயர்களையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள். எங்களுக்கும் ஒரு ஆற்றுப்படை வேண்டும்.