பரிசலை வண்டியில் ஏற்றும் முறை

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை எட்டிவிட்டால், வரும் நீரைத் திறந்துவிடுவதன்றி வேறு வழியில்லை. 2022 ஆகஸ்டில் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கனஅடி நீர் வந்தபோது, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்ததை அறிவீர்கள். அவ்வேளையில் பரிசல் இருக்கும் ஊர் ஒன்று. அது வேண்டப்படும் ஊர் மற்றொன்று. ஆற்றில் இடையிடையே கதவணைகள் உள்ளன. ஆகவே மேட்டூர்ப் பரிசலும் பூலாம்பட்டிப் பரிசலும் சாலை வழியாகவே வந்தாக வேண்டும்.

ஒரு வெள்ளத்தின்போது நாம் அவசரத்தில் ஒரு பரிசலை ஜீப்பின் கூரைமேல் மல்லாத்தி வைத்து, நடுவில் ஒரே கயிறு போட்டு அனுப்பினோம். மூன்று கிலோமீட்டர் செல்வதற்குள் அது பறந்து சாலையில் விழுந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் தப்பியது அவர் செய்த புண்ணியம். மூங்கில் ஒடிந்த பரிசலை நாம் பார்த்து நிற்க, தோட்டத்து வீட்டுக் கூரைமேல் மூவர் வேறு பரிசலுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தனர். குற்றம் கயிற்றினுடையதன்று; நம்முடையதே.

பரிசல்காரர் அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டுதானே நடக்கிறார்? வண்டிக்கும் அதுவே முறை. ஆயினும் முன் விளிம்பின் கீழே புகும் காற்று, கவிழ்த்த பரிசலையும் தூக்கும். வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். ஆதலின் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

கூரைக் கம்பிகளின்மேல் சாக்கு விரித்து, பரிசலின் குறுக்கே இரண்டு கயிறுகளைப் போட்டுக் கம்பிகளிலேயே கட்ட வேண்டும். கதவுக் கைப்பிடியில் கட்டுவோரும் உளர், அது கூடாது. பின்னர் முன் விளிம்பிலிருந்து இரண்டு கயிறுகளை வண்டியின் முன்பக்கக் கொக்கிகளுக்கும், பின் விளிம்பிலிருந்து இரண்டைப் பின்பக்கக் கொக்கிகளுக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். பலரும் விட்டுவிடுவது அந்த முன்கட்டைத்தான். பரிசலைக் காப்பதும் அதுவே. விளிம்போடு குறுக்கு மூங்கிலையும் சேர்த்துச் சுற்றினால் கட்டு உறுதிப்படும். அளவு மீறி இறுக்கினால் மூங்கில் பிளக்கும். நைலான் கயிறு வழுக்கும் இயல்புடையது. ஒரு முடிச்சு போதாது. புறப்பட்ட ஒரு கிலோமீட்டரில் நிறுத்திக் கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். துடுப்பு வண்டிக்குள்ளே இருக்கட்டும்.

இவை யாவும் சிறு பரிசலுக்கே. வண்டியின் அகலத்தை மீறிச் சுமை நீட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். பெரிய பரிசலுக்கு லாரியே தக்கது.

கயிறும் சாக்கும் ஆடி பிறக்குமுன் ஊராட்சி அலுவலகத்தில் வந்து சேரட்டும். யார் வண்டி, யார் பரிசல் என்பதை அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்து நமக்கு எழுதியனுப்புங்கள்.